நான் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போகிறேன்

என் மகனுக்கு,

நேற்று முழுவதும் நீ அழைத்துக்கொண்டே இருந்தாய். நான் எடுக்கவில்லை. பத்திரமாக இருக்கிறேன், எழுதுகிறேன் என்று ஒரு வரி மட்டும் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எடுத்திருந்தால் நீ பேசியிருப்பாய், நான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். கடைசியில் நீ சொன்னபடியே வீட்டுக்குத் திரும்பியும் இருப்பேன். உன் குரலுக்கு எதிராக என்னால் பேச முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். மகியங்கனையில் ஒரு தங்குமிடத்து அறையில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் வீங்கிப் போயிருக்கின்றன, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். வேலைக்குப் போகும் ரயிலில் வைத்துப் படிக்காதே. வீட்டில் உட்கார்ந்து படி.

உன் அப்பா இறந்த அடுத்த வருடம் நான் வாசல் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா? நீ மெல்போர்னிலிருந்து ஓடி வந்தாய். பதுளை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்திலேயே நின்றாய், எனக்குத் தலை வாரிவிட்டாய், சோறு பிசைந்து ஊட்டினாய். லீவு முடிந்து நீ திரும்பிப் போனபோது வீடு மாறியிருந்தது. கூடத்தில் ஒரு கேமரா, சமையலறையில் ஒன்று, கேட்டில் ஒன்று. வாசலுக்கு இரும்பு கிரில். துணைக்கு பூனாகலையிலிருந்து மல்லிகா வந்து சேர்ந்தாள். அவள் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, அதற்குள் இனி யாரும் இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டதால் போக இடமில்லாமல் நின்றவள். மாலையானதும் கிரிலைப் பூட்டி சாவியை அவள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், வெள்ளிக்கிழமை மட்டும் ஆட்டோவில் கோயிலுக்குப் போய் வரலாம் என்றும் ஏற்பாடு. எல்லாம் அன்பினால் செய்தது. அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகம் வந்திருந்தால் எதிர்த்துப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும்.

கூடத்து அலமாரிமேல் இருந்த அந்தச் சின்ன வெள்ளைக் கேமராப் பெட்டியிலிருந்து திடீரென்று உன் குரல் வரும். அம்மா இன்னும் சாப்பிடலையா என்று கேட்கும். ஏன் ஸ்வெட்டர் போடவில்லை, பிரஷர் குளிசை போட்டாச்சா என்று கேட்கும். முதல் சில மாதங்கள் நான் அந்தப் பெட்டியைப் பார்த்துச் சிரித்துப் பதில் சொன்னேன். அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன். அப்புறம் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் குறுகலான நடையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தேன். அங்கே கேமராவின் பார்வை எட்டாது. பெரிய வீடு, ராசா. உன் அப்பா ஒவ்வோர் அறையாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அதில் நான் வாழ்ந்தது ஒரு முக்காலி போடுகிற அளவு இடத்தில்.

நான் வளர்ந்தது கிளிநொச்சியில் என்று உனக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி நான் அதிகம் சொன்னதில்லை. பூனாகலையில் தோட்டத்துக் கடை வைத்திருந்த உன் தாத்தா, கலவரத்தில் கடை எரிந்ததும் எங்களைக் கூட்டிக்கொண்டு வன்னிப் பக்கம், கிளிநொச்சிக்குப் போனார். எனக்கு அப்போது சின்ன வயது. மலையை விட்டுப் போகிற துக்கமெல்லாம் பெரியவர்களுக்கு. எனக்கு அங்கே சைக்கிள் கிடைத்தது. வன்னியில் பெண் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள். பள்ளிக்கூடத்துக்கு, கிணற்றுக்கு, சங்கக் கடைக்கு, வயலுக்கு. உன் சின்னம்மாவைக் கேரியரில் வைத்துக்கொண்டு குளக்கட்டு முழுவதும் சுற்றியிருக்கிறேன். கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த புதிதில் உன் அப்பாவிடம் ஒரு சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டேன். அவர் நிஜமாகவே சிரித்துவிட்டார். புடவைக்கடை முதலாளியின் பெண்சாதி பதுளை மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

யுத்த காலத்தில் வடக்குப் பாதை மூடிக் கிடந்தது. சின்னம்மா உயிரோடு இருக்கிறாளா என்றுகூடத் தெரியாமல் பல மாதங்கள் இருந்திருக்கிறேன். நீ அப்போது சின்னப் பிள்ளை. நான் தனியாக அழுவதைப் பார்த்து, பல் வலிக்கிறதா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ ஓடிப்போய் கிராம்பு எடுத்து வந்தாய். அந்தக் காலத்தில் நான் நினைத்துக்கொள்வேன், பாதை மட்டும் திறக்கட்டும், நடந்தே போய்விடுவேன் என்று. பாதை திறந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் கடை, உன் படிப்பு, அப்பாவின் நெஞ்சு வலி. போன வருடம் சின்னம்மா மகளின் கல்யாணத்துக்கு நீ ஏ.சி. வேன் ஏற்பாடு செய்தாய். ஜன்னலைத் திறக்க வேண்டாம், தூசி வரும் என்று டிரைவரிடம் போனில் சொன்னதும் நீதான். மகியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை, மதவாச்சி என்று எல்லா ஊரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடிப் போயின. ஒரு ஊரின் வாசனைகூட எனக்குத் தெரியாது.

கல்யாணம் முடிந்த மறுநாள் சின்னம்மா தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினாள். இன்னமும் சந்தைக்குச் சைக்கிளில்தான் போகிறாள். "ஏறிப் பாரேன்க்கா" என்றாள். நான் மணிக்கட்டைக் காட்டினேன். "கையாலயா மிதிக்கப் போற?" என்றாள். ஏறினேன். முதலில் வேலியில் போய் மோதினேன். அப்புறம் குளக்கட்டில் ஏறியதும் உடம்பு தானாகவே நினைத்துக்கொண்டது. நான் எதுவும் செய்யவில்லை. காற்று வந்து முகத்தில் அடித்தது. திரும்பி வந்து இறங்கியபோது எனக்கு மூச்சு வாங்கியது, அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மாலை வேனில் ஏறினேன். அடுத்த முறை இந்தப் பாதையில் சைக்கிளில்தான் வர வேண்டும் என்று ஹபரணையைத் தாண்டும்போதே முடிவு செய்துவிட்டேன்.

கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி மல்லிகாவோடு பண்டாரவளைக்குப் போன நாளில்தான் சைக்கிள் வாங்கினேன். ஜப்பானிலிருந்து பழைய சைக்கிள்களைக் கொண்டுவந்து விற்கும் கடை. பேரனுக்கா என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு என்றேன். அவர் என் காலையும் உயரத்தையும் பார்த்தார். பிறகு வரிசையில் முன்னால் பளபளவென்று நின்ற வண்டியை விட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சாம்பல் நிறச் சைக்கிளைத் தூக்கி வந்தார். குறுக்குக் கம்பி தாழ்வாக இருந்தது. பின் சக்கரத்தில் பெரிய பல்சக்கரம், மேட்டில் மிதிக்க லேசாக இருக்கும் என்றார். சீட்டை இறக்கினார். ஏறி உட்காரச் சொல்லி என் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று குனிந்து பார்த்தார். மல்லிகாவைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு நான் அங்கிருந்தே ஓட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கினேன். அதைப்போல முட்டாள்தனம் வேறில்லை. பாதி வழியில் ரப்பர் கருகும் வாடை வந்தது. பயத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்ததில் கட்டைகள் தேய்ந்துவிட்டன. தெமோதரையில் இறங்கி, மீதி இறக்கமெல்லாம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல் அதை உருட்டிக்கொண்டே நடந்தேன். இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் சைக்கிளை வைத்தோம். அதற்கு மேலே ஒழுங்கைச் சந்துக்குப் போகும் படிகள் கேமராவில் தெரியாது. மல்லிகா அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டாள்: "நான் பொய் சொல்ல மாட்டேன்க்கா. தம்பி போன்ல கேட்டா சொல்லிருவேன். கேக்காட்டி நானாப் போயி சொல்ல மாட்டேன்." அதுதான் எங்கள் ஒப்பந்தம். தினமும் காலையில் நடந்தே கோயிலுக்குப் போய் வருகிறேன் என்று உன்னிடம் சம்மதம் வாங்கியிருந்தேன்; அந்தச் சாக்கில் கேட் வழியாக நடந்து போவேன், அவள் ஒழுங்கை வழியாகச் சைக்கிளை மேல் ரோட்டுக்குக் கொண்டு வருவாள். ஹாலிஎல வரை ஏறித் திரும்புவேன். முதலில் பாதி தூரம்கூட முடியவில்லை. தேநீர்க் கடை வாசலில் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து அவர்களுக்கு என்னைப் பார்த்துப் பழகிவிட்டது. எனக்கும் அந்த மேடு பழகிவிட்டது.

பைகள் தைத்ததைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் எனக்கு ஆசை. முப்பது வருடத்துக்கு மேல் புடவைக்கடையில் துணி தொட்டவள் நான். எந்தத் துணி தண்ணீர் தாங்கும், எது உரசலில் கிழியும் என்று விரல் சொல்லும். அப்பாவுக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொள்ளும் உன் சித்தப்பாவிடம், மிஞ்சிக் கிடந்த ரெயின்கோட் துணியும் ஸ்கூல் பேக் தைக்கிற கனத்த துணியும் கேட்டு வாங்கினேன். மல்லிகாவுக்குத் தலையணை உறை தைக்க என்று சொன்னேன். ரெயின்கோட் துணியில் தலையணை உறையா என்று அவர் கேட்கவில்லை, யோசித்திருப்பார். சைக்கிளின் நடுவே இருக்கும் முக்கோண இடைவெளியில் பழைய செய்தித்தாளை வைத்து அளவு வெட்டி, அதற்குள் இறுக்கமாக உட்காரும்படி ஒரு பை. சீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒன்று. ஹேண்டிலுக்கு முன்னால் சுருட்டிக் கட்ட ஒன்று. தையல் வந்த இடமெல்லாம் மெழுகுதிரியைத் தேய்த்து மழைக்கு அடைத்தேன். தையல் மெஷினும் அந்த நடையில்தான் இருந்தது. மெஷின் சத்தம் கேட்டு நீ ஒரு நாள் என்ன தைக்கிறீங்க என்று கேட்டாய். பை என்றேன். நல்லது, பொழுது போகும் என்றாய்.

முதலில் தைத்த பின் பை மிகப் பெரிது. அதில் அடுப்பு, சட்டி, அரிசி, பருப்பு, இரண்டு சேலை, சால்வை, தைல போத்தல், சாமி படம் எல்லாம் வைத்தேன். மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்தேன். அப்போது உன் ஞாபகம் வந்தது. கட்டுநாயக்காவில் நீ முதல் முறை விமானம் ஏறிய அன்று பெட்டியில் எடை கூடிவிட்டது. வரிசை முழுவதும் பார்க்க, நாம் இருவரும் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். மிளகாய்த் தூளை எடுத்தேன், ஊறுகாயை எடுத்தேன், நீ எதையும் விட மாட்டேன் என்றாய். கடைசியில் குளிருக்கான உன் கம்பளிச் சட்டையை வெளியே எடுத்துவிட்டு, நான் தந்த தோசைக்கல்லை உள்ளே வைத்தாய். மெல்போர்னில் இறங்கி நடுங்கியிருப்பாய். அம்மா கொடுத்ததை விடுவது அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது உனக்கு. விட்டிருக்கலாம், ராசா. தோசைக்கல் எங்கேயும் கிடைக்கும். நான் அடுப்பையும் சட்டியையும் அரிசியையும் வேண்டாம் என்று ஒதுக்கினேன். வழியில் சோற்றுக் கடைகள் உண்டு. சேலைகளையும் ஒதுக்கினேன். பைக்குள் போனவை: இரண்டு சல்வார், ஒரு மழைச் சட்டை, மாற்று டியூப், பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்றுப் பிரேக் கட்டை, முன் விளக்கு பின் விளக்கு, பிரஷர் குளிசை, உப்பும் சீனியும் கலந்து குடிக்கப் பொட்டலங்கள். சாமி படத்தை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. சின்னதாக ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

வழியையும் கவனமாகத்தான் திட்டமிட்டேன், நீ நினைப்பதுபோல் வெறியில் கிளம்பியவள் அல்ல. இரவில் ஓட்டுவதில்லை. மலை இறங்கியதும் வெயில் கொல்லும், ஆகவே விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுமுன் எங்கேயாவது ஒதுங்கிவிட வேண்டும். ஹபரணைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும், அங்கே நன்றாகப் பொழுது ஏறிய பிறகு, மற்ற வாகனங்கள் ஓடத் தொடங்கிய பின்தான் போக வேண்டும். தங்குவதற்குக் கோயில் மடங்களும் நல்ல அறைகளும் எங்கெங்கே உண்டு என்று சின்னம்மா விசாரித்துச் சொன்னாள். அவசரமே இல்லை. ஒரு நாளில் எவ்வளவு முடிகிறதோ அவ்வளவு.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஒரு காலை மழை பிடித்துக்கொண்டது. ஒழுங்கைப் படிகள் வழுக்கின. நான் யோசிக்காமல் நனைந்த சைக்கிளோடு கேட் வழியாக உள்ளே வந்துவிட்டேன். நீ பார்த்துவிட்டாய். மல்லிகாவைக் கூப்பிட்டுக் கேட்டாய், அவள் சொன்னபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்புறம் என்னிடம் பேசினாய். நீ சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நீ அழுதாய். "ஒங்களுக்கு என்னம்மா கொறை? நான் என்ன கொறை வச்சேன்?" என்று கேட்டாய். குறை என்று எதைக் காட்டுவேன்? மருந்து இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, துணைக்கு ஆள் இருக்கிறது. மூச்சு முட்டுகிறது என்று சொன்னால் நீ டாக்டரை அனுப்புவாய்.

அன்று மாலையே சித்தப்பா வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய்ச் சைக்கிளை எடுத்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார். கடைக்குப் பின்னால் துணி வைக்கும் ஸ்டோரில் பூட்டி வைத்திருப்பதாக மல்லிகாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு அடுத்து வந்த நாட்கள்தான் மிக மோசமானவை. மழை நிற்கவில்லை. அங்கங்கே மண் சரிந்து ரோடுகள் மூடிக் கிடந்தன. கோயிலுக்கும் போக வேண்டாம் என்றாய். பதுளை ஒரு கிண்ணம் மாதிரி, சுற்றி மலை. அந்த நாட்களில் மலைகூடத் தெரியவில்லை, மேகம் கீழே இறங்கி கிரில் வரைக்கும் வந்து நின்றது. மல்லிகா தன் லயத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மண் முழுவதும் இறங்கிவிட்டதா இல்லையா என்று போய்ப் பார்க்கக்கூட வழியில்லை. நான் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவள் சொன்னாள்: "எனக்குப் போக எடமில்லக்கா, அதனால இருக்கேன். ஒங்களுக்கு என்னா?"

அப்போதுதான் என் மருமகள் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். அவள்மேல் கோபப்படாதே. உன்னைக் குறை சொல்லப் பேசவில்லை, உன்னை நினைத்துப் பயந்துதான் பேசினாள். "அத்தை, அவர் தூங்குறதே இல்ல" என்றாள். நான் குளிசை போட்டேனா, படுத்தேனா, மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பதற்காக நீ அலாரம் வைத்து எழுந்திருக்கிறாய் என்றாள். படம் வராமல் போனால் இணைப்பு திரும்பும்வரை கட்டிலில் உட்கார்ந்தே இருக்கிறாய் என்றாள். வேலையில் கண் சொருகி மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினாய் என்றும் சொன்னாள். அந்தப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான் அடைபட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில், போகவே வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பிள்ளை நிம்மதியாகத் தூங்கட்டும், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று. ஆனால் நான் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் நீ தூங்கவில்லையே. நான் அசையாமல் இருந்தால் ஏன் அசையவில்லை என்று பார்க்கிறாய். இப்படியே போனால் நான் சாகும்வரை நீ தூங்க மாட்டாய். அதற்குப் பிறகு, அந்த நேரத்தில் பார்க்கத் தவறிவிட்டேனே என்று தூங்க மாட்டாய். நாம் இருவரில் யாராவது ஒருவர் முதலில் கையை விட வேண்டும். நீ விட மாட்டாய், தோசைக்கல்லையே விடாதவன். ஆகவே நான் விட்டேன்.

மழை வெறித்ததும் கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டிக்கு எதிரில் சேலை பார்க்க வருகிறவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்தேன். சித்தப்பா டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மதியமாயிற்று. வந்து போகிற சனமெல்லாம் நலம் விசாரித்தது. முதலாளியம்மா ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வேலைக்காரப் பெண்கள் குசுகுசுத்தார்கள். கடைசியில் அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணி, ஆளுங்க பாக்குறாங்க. வீட்டுக்குப் போங்க."

"சைக்கிளக் குடுங்க தம்பி, போயிடுறேன்."

"மகன் எங்கிட்ட பொறுப்பக் குடுத்திருக்கான். நான் என்னான்னு அவனுக்குப் பதில் சொல்றது?"

"எதப் பொறுப்பாக் குடுத்தான்? சைக்கிளயா, என்னயா?"

அவர் நிமிர்ந்து போய்விட்டார். மறுபடி யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மணப்பெண் சேலை எடுக்கத் தெரியவில்லை, நான்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். கடை சாத்துகிற நேரம் வந்தது. அவர் ஸ்டோரைத் திறந்து சைக்கிளை வெளியே உருட்டி வந்தார். டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "பின்னால காத்து கொறைவா இருக்கு" என்றார். பம்பை எடுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே அடித்தார். உன் அப்பாவின் தம்பி வியர்க்க வியர்க்க எனக்காகக் காற்று அடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அடித்து முடித்து, "அவங்கிட்ட நீங்களே சொல்லிருங்க அண்ணி" என்றார். சரி என்றேன். இப்போது சொல்கிறேன். அவரைத் திட்டாதே. மல்லிகாவையும் நீ நிறுத்தக்கூடாது. உனக்குப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு அது வேலை மட்டுமில்லை, தலைக்கு மேல் ஒரு கூரை. நான் வீட்டில் இல்லாவிட்டாலும் அவள் அங்கே இருப்பாள். அது என் வீடு, நான் சொல்கிறேன்.

நேற்று விடிந்ததும் கிளம்பினேன். மல்லிகா கிரிலைத் திறந்துவிட்டாள். மகியங்கனை ரோட்டில் ஊரைத் தாண்டியதும் இறக்கம் தொடங்கிவிட்டது. நான் ஆசைப்பட்டதுபோல் எதுவும் இல்லை என்று உனக்கு உண்மையைச் சொல்கிறேன். பறவை பறப்பதுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயமாக இருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், பின்னால் லாரி. வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்து, விட்டு, பிடித்து, இரண்டு கையும் மரத்துப் போயின. உடைந்த மணிக்கட்டு குத்தியது. ஓரிடத்தில் பின் பையின் பட்டி தளர்ந்து சக்கரத்தில் உரசியது. நிறுத்திக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினேன். நிற்கும்போதெல்லாம் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் திரும்புவதென்றால் மேடு. அதைவிட இறங்குவது சுலபம். அவ்வளவுதான் என் தைரியம், வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

அடிவாரத்தில் ஒரு கடையில் நின்றேன். சைக்கிளிலிருந்து இறங்கத் தெரியவில்லை, கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைக்காரப் பெண்ணுக்கு என் வயதிருக்கும். தனியாகவா என்று சிங்களத்தில் கேட்டாள். தனியாகத்தான் என்றேன். எங்கே போகிறீர்கள் என்றாள், கிளிநொச்சிக்கு என்றேன். ஐயோ என்றோ, பிள்ளைகள் இல்லையா என்றோ அவள் சொல்லவில்லை. நாற்காலியைத் தூக்கி நிழலில் போட்டாள், இளநீர் சீவிக் கொடுத்தாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். என்னை அவள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது.

இங்கே அறைக்கு வந்ததும் கதவைத் தாழிட்டேன். உள்ளேயிருந்து நானே போட்ட தாழ். அப்படியும் கொஞ்ச நேரம் கூரை மூலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எங்கேயாவது கண் இருக்கிறதா என்று. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாதுபோல. சாப்பிடும்போதுகூடச் சுவர்ப் பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்தேன். கிளிநொச்சி போய்ச் சேர்வேனா என்று எனக்கே தெரியாது. கை வீக்கம் இறங்காவிட்டால் இங்கேயே இன்னும் ஒரு நாள் படுத்திருப்பேன். முடியவே இல்லை என்றால் சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போவேன், அல்லது திரும்பி வருவேன். எதுவானாலும் நான்தான் முடிவு செய்வேன், முடிவு செய்த பிறகு உனக்குச் சொல்வேன். முன்னால் கேட்க மாட்டேன். உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். நீ எவ்வளவு பார்த்தாலும் அது விழத்தான் செய்யும். அப்போது ஓடி வா, எனக்கு வந்ததுபோல. தலை வாரிவிடு, சோறு ஊட்டு. எழுந்து நடந்த பிறகு கூடவே வந்துகொண்டிருக்காதே.

பொலன்னறுவைப் பாதை தட்டையானது என்று இன்று இங்கே சொன்னார்கள். இரண்டு பக்கமும் வயலாம். உனக்கு அங்கே பொழுது சாய்ந்திருக்கும், இங்கே இன்னும் நல்ல வெயில். நான் கொஞ்சம் படுக்கப் போகிறேன். இன்றைக்கு நீயும் விளக்கை அணைத்துவிட்டு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, காலை வரை தூங்கு. ஒரு இரவு நீ பார்க்காமல் இருந்தால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று நாம் இரண்டு பேருமே தெரிந்துகொள்வோம்.

அம்மா